பல் எலும்பு கிராஃப்ட் செய்யச் சொல்லிவிட்டார்களா? பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்

கீழ் வலது கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கிவிட்டு இரண்டு வருடம் சும்மா விட்டிருந்தேன். அந்தப் பக்கம் மெல்லாமலே ஓட்டிக்கொண்டிருந்தவன், "இம்ப்ளான்ட் 22,000 மட்டுமே" (தாடை எலும்பில் திருகு வைத்து அதன் மேல் செயற்கைப் பல் மாட்டுவது) என்ற விளம்பரத்தைப் பார்த்துவிட்டு ஒரு கிளினிக்கில் போய் உட்கார்ந்தேன். ஊசி போட்டு, ஈறைக் கீறித் திறந்து, வாய் மரத்துப்போய் என்னால் 'ம்' கொட்ட மட்டுமே முடிந்த நேரத்தில், "எலும்பு பத்தாது சார், கிராஃப்ட் வைக்கணும், 18,000 கூட ஆகும்" என்றார்கள். கிராஃப்ட் என்றால் எலும்பு குறைந்த இடத்தில் எலும்பையோ அது மாதிரியான பொருளையோ வைத்து எலும்பைக் கட்டுவது. ஈறு திறந்து கிடக்கும்போது யார் வேண்டாம் என்பார்கள்? தலையாட்டினேன். மூன்று வாரத்தில் அந்த கிராஃப்ட் வெளியே வந்துவிட்டது. அப்புறம் திருச்சியிலேயே வேறொரு இடத்தில் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கி, 11 மாதம் கழித்துதான் அந்தப் பக்கம் முறுக்கு கடித்தேன்.

நான் டாக்டர் இல்லை, நாற்காலியில் இரண்டு தடவை படுத்தவன், அவ்வளவுதான். உங்கள் வாய்க்கு எது சரி என்பதை உங்களைப் பார்க்கும் டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் அவரிடம் என்ன கேட்பது, எந்தக் காகிதத்தை வாங்குவது, எப்போது பணம் கட்டுவது என்பதெல்லாம் நம் கையில் இருக்கிறது.

1. பல் இன்னும் வாயில் இருந்தால், பிடுங்கும் முன்பே எலும்பைப் பற்றிக் கேளுங்கள்

பல் போனதும் அதைத் தாங்கியிருந்த தாடை எலும்பு கரையத் தொடங்குகிறது. ஒரு வருடத்துக்குள் எலும்பின் அகலத்தில் பாதி வரைக்கும் போய்விடலாம், அதிலும் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்திலேயே போய்விடும். இது யாரும் என்னிடம் சொல்லாத விஷயம். பிடுங்கினார்கள், பஞ்சு வைத்தார்கள், 800 ரூபாய் வாங்கினார்கள், அனுப்பிவிட்டார்கள்.

பிடுங்கும் அன்றைக்கே அந்தக் குழியில் கிராஃப்ட் பொடியைப் போட்டு மூடிவிடும் முறை ஒன்று இருக்கிறது, சாக்கெட் பிரிசர்வேஷன் என்பார்கள். அது எலும்பு கரைவதை முழுக்க நிறுத்தாது, ஆனால் நன்றாகக் குறைக்கும். நான் விசாரித்த இடங்களில் இதற்கு 6,000 முதல் 12,000 வரை சொன்னார்கள். பின்னால் எலும்பு போனதற்கப்புறம் அதைத் திரும்பக் கட்டுவதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது பாதிகூட இல்லை. எல்லோருக்கும் இது தேவையில்லை. சீழ் கட்டியிருந்தால் அன்றைக்கே போட முடியாமலும் போகலாம். இம்ப்ளான்ட் வைக்கும் எண்ணமே இல்லை, பிரிட்ஜ் (பக்கத்துப் பற்களைப் பிடித்துக்கொண்டு நிற்கும் செயற்கைப் பல்) போதும் என்றாலும் பெரும்பாலும் இந்தச் செலவு வேண்டியிருக்காது. கேட்டுவிட்டு வேண்டாம் என்பது வேறு, தெரியாமலே விடுவது வேறு.

2. சிபிசிடி எடுக்காமல் பேச்சே வேண்டாம்

முதல் கிளினிக்கில் எனக்கு எடுத்தது ஓபிஜி மட்டும், அதாவது முழுத் தாடையும் ஒரே படத்தில் தட்டையாகத் தெரியும் எக்ஸ்ரே. அதில் எலும்பின் உயரம் ஓரளவு தெரியும், தடிமன் தெரியாது. ஒரு சுவரை நேர் எதிரில் நின்று பார்த்தால் அது எத்தனை அங்குலச் சுவர் என்று எப்படிச் சொல்வீர்கள்? அதே கதைதான். சிபிசிடி என்ற முப்பரிமாண ஸ்கேனில்தான் அகலம், உயரம், கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்பு, மேல்தாடைக்கு மேலே இருக்கும் சைனஸ் குழி எல்லாம் மில்லிமீட்டர் கணக்கில் தெரியும்.

நான் தில்லைநகரில் ஒரு ஸ்கேன் சென்டரில் 1,800 ரூபாய்க்கு எடுத்தேன். ஒரு பக்கம் மட்டும் போதும் என்றால் விலை குறைவு, இரண்டு தாடையும் முழுதாக என்றால் கூடும். எடுக்கும்போது பிலிம் மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். டைகாம் கோப்பை, அதாவது ஸ்கேனின் முழு டிஜிட்டல் பதிவை, சிடியிலோ பென்டிரைவிலோ கேட்டு வாங்குங்கள். அது கையில் இருந்தால் வேறு எந்த டாக்டரிடமும் காட்டலாம், இன்னொரு தடவை ஸ்கேன் எடுக்கும் செலவும் கதிர்வீச்சும் மிச்சம்.

ரிப்போர்ட்டில் பல்லுக்கு எண் போட்டிருப்பார்கள். முதல் இலக்கம் வாயின் எந்தக் கால்பகுதி என்பது: 1 மேல் வலது, 2 மேல் இடது, 3 கீழ் இடது, 4 கீழ் வலது. இரண்டாவது இலக்கம் நடுக்கோட்டிலிருந்து எத்தனையாவது பல் என்பது. எனக்கு 46. இந்த எண் ஸ்கேன், கொட்டேஷன், ஒப்புதல் படிவம் மூன்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒரு நிமிடம் பாருங்கள், என் முதல் கொட்டேஷனில் 36 என்று இடது பக்கப் பல்லை எழுதியிருந்தார்கள். நானும் அப்போது கவனிக்கவில்லை.

3. கிராஃப்ட் வேண்டும்தானா என்று இன்னொருவரிடம் கேளுங்கள்

சாதாரணமாக 4 மி.மீ. தடிமனுள்ள இம்ப்ளான்ட்டுக்கு இரண்டு பக்கமும் ஒன்று, ஒன்றரை மி.மீ. எலும்பாவது இருக்க வேண்டும், ஆகவே 6 முதல் 7 மி.மீ. அகலம் தேவை. எனக்கு இருந்தது 4. ஆக எனக்கு கிராஃப்ட் வேண்டியதுதான். ஆனால் 5 மி.மீ. சில்லறை உள்ளவர்களுக்குக் கதை மாறலாம்: கொஞ்சம் மெல்லிய இம்ப்ளான்ட், உயரம் குறைந்தால் குட்டை இம்ப்ளான்ட், இல்லையென்றால் கிராஃப்ட்டையும் இம்ப்ளான்ட்டையும் ஒரே நாளில் வைப்பது என்று வழிகள் உண்டு. ஒரே நாளில் வைத்தால் நான்கைந்து மாதமும் ஓர் அறுவையும் மிச்சமாகும், ஆனால் இம்ப்ளான்ட் ஆடாமல் பிடித்துக்கொள்ளும் அளவு சொந்த எலும்பு இருந்தால்தான் அது சரிப்படும். பிரிட்ஜ் போட்டால் கிராஃப்ட்டே வேண்டாம், ஆனால் பக்கத்துப் பற்களைத் தேய்க்க வேண்டியிருக்கும்.

யாரிடம் கேட்பது? பலகையில் "இம்ப்ளான்டாலஜிஸ்ட்" என்று போட்டிருப்பதை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். எம்.டி.எஸ். என்ற பல் மருத்துவப் பட்ட மேற்படிப்பில் இம்ப்ளான்ட்டுக்கென்று தனிப் பிரிவு கிடையாது. எலும்பு கிராஃப்ட் வேலையை அதிகம் செய்பவர்கள் வாய், முக அறுவைப் பிரிவிலும் ஈறு சிகிச்சைப் பிரிவிலும் எம்.டி.எஸ். முடித்தவர்கள். பட்டத்தையும் தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணையும் சீட்டிலேயே பார்க்கலாம், இல்லாவிட்டால் கேட்கலாம். கேட்டால் கோபப்படுகிறவரிடம் வாயைத் திறக்காமல் வருவதே மேல்.

பணம் முக்கியம் என்றால் பல் மருத்துவக் கல்லூரிகளை விட்டுவிடாதீர்கள். சென்னையில் இருப்பவர்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரிப் பக்கத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் வெளியில் ஆவதைவிடக் குறைவாகவே ஆகும். பட்ட மேற்படிப்பு மாணவர்கள் செய்வார்கள், பேராசிரியர் பக்கத்தில் நிற்பார். காலையில் ஓபி சீட்டு வாங்குவதிலிருந்து ஒவ்வொன்றுக்கும் காத்திருக்க வேண்டும், ஒரே வேலைக்கு ஏழெட்டுத் தடவை போக வேண்டியிருக்கும். தினக்கூலிக்குப் போகிறவருக்கு அந்த விடுப்பும் ஒரு செலவுதான், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

4. வாய்க்குள் வைக்கப்போவது என்ன, எங்கிருந்து வந்தது?

இதைக் கேட்க நிறைய பேர் மறந்துவிடுகிறார்கள், பிறகு தெரிந்து மனசு கஷ்டப்படுகிறார்கள். கிராஃப்ட் என்று பொதுவாகச் சொன்னாலும் உள்ளே நான்கு வகை உண்டு.

உங்கள் சொந்த எலும்பு. தாடையின் பின்பக்கத்திலிருந்தோ மோவாயிலிருந்தோ சுரண்டியோ துண்டாகவோ எடுப்பார்கள். பொருளுக்குச் செலவில்லை, உடம்பும் நன்றாக ஏற்கும், ஆனால் இன்னொரு இடத்தில் காயம்.

இறந்தவர்கள் தானம் செய்த எலும்பைச் சுத்திகரித்து உலர்த்தியது. மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையின் திசு வங்கி கதிர்வீச்சால் கிருமி நீக்கம் செய்த இத்தகைய எலும்பைத் தருகிறது, நம் ஊர் டாக்டர்களும் அங்கிருந்து வரவழைப்பதுண்டு.

விலங்கு எலும்பு. அதிகம் புழங்கும் பயோ-ஆஸ் என்ற சுவிஸ் தயாரிப்பு மாட்டு எலும்பு, அதிலிருந்து புரதத்தை எல்லாம் நீக்கிக் கனிமச் சட்டத்தை மட்டும் வைத்திருப்பார்கள். மெதுவாகத்தான் கரையும், வருடக்கணக்கில் அங்கேயே நின்று உருவத்தைக் காக்கும்.

செயற்கைப் பொருள். ஹைட்ராக்சிஅபடைட், டிரைகால்சியம் பாஸ்பேட், பயோகிளாஸ் என்று பெயர்கள் வரும். விலை குறைவு, விலங்குப் பொருள் இல்லை.

பொடியின் மேல் ஒரு சவ்வும் போடுவார்கள், ஈறுச் சதை வேகமாக உள்ளே வளர்ந்து எலும்பின் இடத்தைப் பிடித்துவிடாமல் இருக்க. இங்கேதான் இரண்டாவது கேள்வி: பயோ-ஆஸோடு சேர்த்து விற்கும் பயோ-கைட் சவ்வு பன்றியின் கொலாஜனில் செய்தது. வேறு கம்பெனிச் சவ்வுகளில் மாட்டினுடையதும் மீனினுடையதும் உண்டு. மத நம்பிக்கையோ சைவ வழக்கமோ உங்களுக்கு முக்கியம் என்றால் பொடி, சவ்வு இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள், "எல்லாம் சுத்தமானதுதாங்க" என்பது பதில் ஆகாது. கேட்டால் மாற்று தருவார்கள், இதில் கூச்சப்பட ஒன்றுமே இல்லை. நான் எதையும் சாப்பிடுகிறவன். என் மாமியாருக்கு இதே சிகிச்சை வந்தபோது அவர் கேட்ட முதல் கேள்வியே இதுதான், செயற்கைப் பொடி வைத்துக்கொண்டார்.

அப்புறம் பிஆர்எஃப் என்பார்கள். உங்கள் கையிலிருந்தே ரத்தம் எடுத்து, சுழற்றி, அதில் கிடைக்கும் ஜெல்லி மாதிரியான பகுதியைக் காயத்தில் வைப்பது. காயம் ஆற உதவும், ஆனால் அகலம் குறைந்த எலும்புக்கு அது மட்டும் போதாது. "பிஆர்எஃப் கிராஃப்ட்" என்று கொட்டேஷனில் இருந்தால், பொடியும் உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

5. கொட்டேஷனை வரிவரியாக எழுதி வாங்குங்கள்

என் பணம் கரைந்தது இங்கேதான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். விளம்பரத்தில் இருக்கும் விலை பெரும்பாலும் உள்ளே போகும் திருகுக்கு மட்டும். மேலே வரும் கேப், இரண்டையும் இணைக்கும் அபட்மென்ட், ஸ்கேன், கிராஃப்ட், சவ்வு, மருந்து எதுவும் அதில் இருக்காது. இரண்டாவது தடவை நான் வாங்கிய கணக்கு இப்படி இருந்தது: கிராஃப்ட் பொடி அரை கிராம் 9,000, சவ்வு 7,000, அறுவைக் கட்டணம் 10,000, இம்ப்ளான்ட், அபட்மென்ட், கேப் சேர்த்து 30,000. இதோடு ஸ்கேன் இரண்டு தடவை 3,600, ரத்தப் பரிசோதனை 1,450, மருந்து 850. மொத்தம் 61,900. முதல் கிளினிக்கில் தொலைத்த 18,000 தனி.

பொடி எத்தனை கிராம் என்று கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். பயோ-ஆஸ் கால் கிராம், அரை கிராம் என்று குப்பிகளில் வருகிறது, ஒரு குப்பிக்கும் அடுத்ததற்கும் விலை நிறைய வித்தியாசம். "திறந்து பார்த்தபின் இன்னொரு குப்பி தேவைப்பட்டால் எவ்வளவு" என்பதையும் முன்னாலேயே எழுதி வாங்குங்கள். கிராஃப்ட் பிடிக்காமல் போனால் மறுபடி வைக்க யார் செலவு, எது இலவசம், எது இல்லை என்பதற்கும் ஒரு வரி வேண்டும். அந்த ஒரு வரி என்னிடம் இல்லாததால்தான் 18,000 போனது. இம்ப்ளான்ட்டுக்கு முன்பணமாகக் கட்டியிருந்த 10,000-ஐத் திரும்ப வாங்கவே நான்கு தடவை நடந்தேன்.

பில்லில் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். நோய்க்கான மருத்துவச் சிகிச்சைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு, அழகுக்காக மட்டும் செய்வதற்குத்தான் வரி. இழந்த பல்லை வைப்பதற்கு எலும்பு கட்டுவது அழகு சிகிச்சை இல்லை.

மருத்துவக் காப்பீட்டை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். பெரும்பாலான பாலிசிகளில் பல் சிகிச்சை கிடையாது, விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் மட்டும் தருவார்கள். வேலை செய்யும் இடத்தில் குரூப் பாலிசி இருந்தால் பல்லுக்கென்று தனித் தொகை இருக்கிறதா என்று எச்ஆரிடம் கேட்டுப் பாருங்கள்.

கிளினிக்கிலேயே "வட்டியில்லாத் தவணை" என்று மொபைலில் ஓடிபி கேட்பார்கள். அது பெரும்பாலும் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் உங்கள் பெயரில் எடுக்கும் கடன். முழுப் பணமும் அன்றைக்கே கிளினிக்குக்குப் போய்விடும், நீங்கள் பாதியில் வேறு டாக்டரிடம் மாறினாலும் தவணை நிற்காது. ஒரு வருடம் இழுக்கும் வேலைக்கு முழுத் தொகையை முதல் நாளே யாருக்கும் தராதீர்கள். கிராஃப்ட் அன்றைக்கு கிராஃப்ட் பணம், இம்ப்ளான்ட் அன்றைக்கு அதன் பணம், கேப் மாட்டும்போது மீதி.

6. மருந்துச் சீட்டுகளையும் ரத்த ரிப்போர்ட்டையும் முன்னாலேயே கொண்டுபோங்கள்

சர்க்கரைக்கு மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி, ரத்த எண்ணிக்கை, ரத்தம் உறையும் நேரம், எச்ஐவி, மஞ்சள் காமாலை பரிசோதனைகள், இவ்வளவுதான் பொதுவாகக் கேட்பது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லையென்றால் நல்ல டாக்டர் தள்ளிப் போடுவார், அதற்காக அவரைத் திட்டாதீர்கள்.

மறைக்கவே கூடாதது எலும்புத் தேய்மான மருந்து. அலென்ட்ரோனேட் மாத்திரை, வருடம் ஒரு தடவை ஏற்றும் சோலெட்ரோனிக் ஆசிட், ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் டெனோசுமாப் ஊசி, இவை எடுப்பவர்களுக்குத் தாடையில் அறுவை செய்தால் எலும்பு ஆறாமல் அழுகும் ஆபத்து உண்டு. வீட்டில் அம்மாவுக்கோ பாட்டிக்கோ "முட்டி வலி ஊசி" என்று சொல்லிப் போட்டிருப்பார்கள், பெயர் யாருக்கும் தெரியாது, பழைய சீட்டைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள். புற்றுநோய்க்கு முகம், கழுத்துப் பக்கம் கதிர் சிகிச்சை எடுத்திருந்தாலும் முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் எடுப்பவர்கள் தாங்களாகவே நிறுத்திவிடாதீர்கள், இதய டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் அதையும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள், ஏனென்றால் பிறகு தரும் மாத்திரை பெரும்பாலும் அமாக்ஸிசிலின் குடும்பம்தான்.

7. அறுவை அன்றைக்கு

உண்மையில் இதுதான் எளிது. மரத்துப்போக ஊசி, ஒரு மணி நேரம், தையல், வீடு. டாக்டர் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் தவிர, வயிற்றுக்குச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். ஒப்புதல் படிவத்தை ஊசிக்கு முன்னால் படியுங்கள், ஊசிக்கு அப்புறம் நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். பொடிக் குப்பியிலும் சவ்வுப் பெட்டியிலும் லாட் எண்ணோடு (எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்டும் எண்) ஸ்டிக்கர் இருக்கும், உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லி அதை உங்கள் ஃபைலில் ஒட்டி வாங்குங்கள்.

8. முதல் இரண்டு வாரம்: என் முதல் கிராஃப்ட் செத்தது இங்கே

ஐந்தாம் நாள் "பல் இல்லாம அசிங்கமா இருக்கே" என்று கழற்றி மாட்டும் பல் ஒன்றைக் கொடுத்தார்கள், போட்டுக்கொண்டேன். சாப்பிடும்போதெல்லாம் அது கிராஃப்ட் மேலேயே அழுத்தியிருக்கிறது. தையல் விட்டு, வெள்ளையாகச் சவ்வு தெரிந்து, மணல் மணலாகப் பொடி வரத் தொடங்கியது. இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும், தினம் இரண்டு சிகரெட் விட்டபாடில்லை. புகை ரத்த ஓட்டத்தைக் குறைக்கும், கிராஃப்ட் பிடிப்பதும் அதோடு குறையும். இரண்டாவது தடவை முன்னால் இரண்டு வாரம், பின்னால் இரண்டு மாதம் நிறுத்தினேன். புகையிலை, பாக்கும் கூடாது.

வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாள்தான் உச்சத்துக்குப் போகும், பயப்படாதீர்கள். முதல் நாள் வெளியிலிருந்து ஐஸ் ஒத்தடம், கொப்பளிக்கவே கூடாது, வேகமாகத் துப்பவும் கூடாது. ஸ்ட்ரா போட்டு உறிஞ்சாதீர்கள். இளநீர் குடித்தால்கூட டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள். ஆறிய கஞ்சி, குழைத்த ரசம் சாதம், இட்லி போதும். தையல் பொதுவாக 10 முதல் 14 நாளில் பிரிப்பார்கள். ஓரிரண்டு மணல் துகள் வாயில் தட்டுப்படுவது சகஜம், ஆனால் சீழ், நாற்றம், நான்கு நாளுக்கு அப்புறம் கூடும் வலி, உதட்டில் மரத்த தன்மை போகாமல் இருப்பது என்றால் மறுநாளுக்குத் தள்ளாமல் அன்றைக்கே போங்கள்.

மேல் கடைவாயில் சைனஸ் லிஃப்ட் (சைனஸ் குழியின் அடிச் சவ்வைத் தூக்கி அங்கே கிராஃப்ட் வைப்பது) செய்துகொண்டவர்களுக்கு மூக்குச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும் என்ற கட்டுப்பாடும் சேரும். விமானப் பயணத்தையும் கொஞ்ச நாள் தள்ளச் சொல்வார்கள்.

9. விடுமுறையை வைத்துத் திட்டம் போடாதீர்கள்

சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் ஒரு மாத லீவில் வந்து "போவதற்குள் பல் வேண்டும்" என்பவர்களை அந்தக் காத்திருப்பு அறையில் நிறையப் பார்த்தேன். கணக்கைப் பாருங்கள்: பல் குழியில் போட்ட கிராஃப்ட்டுக்கு மூன்று நான்கு மாதம், அகலம் கூட்டியதற்கு நான்கு முதல் ஆறு மாதம், சைனஸ் லிஃப்ட் என்றால் ஆறு முதல் ஒன்பது. அதற்கப்புறம் இம்ப்ளான்ட் எலும்போடு பிடிக்க மூன்று நான்கு மாதம், கேப்புக்கு அளவெடுத்து மாட்ட இரண்டு வாரம். வெளிநாட்டில் இருப்பவர் என்றால் மூன்று பயணம் என்று வைத்துக்கொள்ளுங்கள், கிராஃப்ட் முடிந்து தையல் பிரிக்கும் வரை ஊரில் இருக்கும்படி டிக்கெட் போடுங்கள். "ஒரே வாரத்தில் எல்லாம்" என்று யாராவது சொன்னால், அகலம் குறைந்த உங்கள் எலும்பை வைத்து அதை எப்படிச் செய்வார்கள் என்று ஸ்கேனைக் காட்டி விளக்கச் சொல்லுங்கள்.

10. இம்ப்ளான்ட்டுக்கு முன்னால் இன்னொரு ஸ்கேன்

மாதக் கணக்கு முடிந்துவிட்டது என்பதற்காக நேரே திருகு வைக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். மறுபடி சிபிசிடி எடுத்து, பழைய அளவையும் புதிய அளவையும் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். எனக்கு 4 இருந்தது 6.5 ஆகியிருந்தது. அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் அடுத்த தொகையைக் கட்டினேன். இம்ப்ளான்ட் வைத்த அன்று அதன் கம்பெனி, விட்டம், நீளம், லாட் எண் இருக்கும் அட்டையையும் வாங்கிக்கொள்ளுங்கள், பத்து வருடம் கழித்து வேறு ஊரில் கேப் ஆடினால் எந்தத் திருப்புளி போடுவது என்று அந்த டாக்டருக்குத் தெரிய வேண்டுமே.